பிஸ்டல் சைட் மாற்ற எந்தக் கருவி: சுத்தியலா, தள்ளுகருவியா, பட்டறையா?

பிஸ்டலில் குறிபார்க்க உதவும் முன், பின் சைட்டுகளில் பின் சைட்டைப் பெயர்க்க வழி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, 'மலிவாக எது கிடைக்கும்?' என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது, 'என் பிஸ்டலில் சைட் எப்படி உட்கார்ந்திருக்கிறது?' என்பது. பிளாஸ்டிக் சைட்டைக் கழற்றப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆலையில் அழுத்தி ஏற்றிய எஃகு சைட்டுக்கு மலிவான கருவி போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பிஸ்டல்களுக்குத்தான் தேர்வு என்ற பேச்சே வருகிறது.

கருவியைப் பற்றிப் பேசுமுன் ஒன்று. மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் (பிஸ்டலின் மேல் பாதியாக முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. ஸ்லைடைச் சட்டகத்திலிருந்து பிரித்து, குழலையும் ரிகாயில் ஸ்பிரிங்கையும் எடுத்த பிறகுதான் எந்தக் கருவியும் ஸ்லைடைத் தொட வேண்டும். சைட் மாற்றுவதற்கு உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் உரிமமும் இடம் தருகின்றனவா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புறாவால் காடியும் அதன் பிடியும்

பெரும்பாலான பிஸ்டல்களில் பின் சைட் ஒரு புறாவால் காடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தச்சர்கள் மரத்தில் வெட்டுவார்களே, அடி அகன்று வாய் குறுகிய பள்ளம், அதேதான். சைட்டின் அடிப்பாகம் அதே வடிவில், ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். அந்த மயிரிழைதான் அதைப் பிடித்து வைக்கிறது. 0.05 மி.மீ. கூடினாலே கையால் நகர்த்த முடியாது. 0.1 மி.மீ. கூடினால், திருகைச் சுற்றி சைட்டைப் பக்கவாட்டில் தள்ளும் தள்ளுகருவியே திணறும். சில தயாரிப்புகளில் இந்த இறுக்கத்தோடு மேலிருந்து ஒரு சின்ன இறுக்கு திருகும் உண்டு. அந்தத் திருகைத் தளர்த்த மறந்து தள்ளுவதுதான் வீட்டு வேலையில் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. ஆலன் கீயை நுழைக்குமுன் திருகின் குழியில் உள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். கீ முழு ஆழத்துக்கு இறங்காவிட்டால் குழியின் மூலை உருண்டுவிடும். அப்புறம் அந்தத் திருகைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிஸ்டலுக்குப் பிஸ்டல் கதை மாறும். கிளாக்கில் ஆலையிலிருந்து வரும் சாதாரண பின் சைட் பிளாஸ்டிக். முன் சைட் அடியிலிருந்து ஒரு சிறு அறுகோணத் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்மித் அண்டு வெஸன் எம்&பி வரிசையில் முன்னும் பின்னும் எஃகு, இரண்டுமே புறாவால் காடியில்தான், இறுக்கமும் அதிகம். அதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பின் சைட்டுக்கு நேர் கீழே, ஸ்டிரைக்கரை (தோட்டாவின் பின்புறத்தை இடிக்கும் ஊசி) தடுத்து நிறுத்தும் முளையின் சின்ன ஸ்பிரிங்கும் அதன் மூடியும் உட்கார்ந்திருக்கின்றன. சைட் முழுசாக வெளியே வந்த நொடியில் அவை துள்ளி எழும். அறையின் மூலையில் தேட வேண்டாம் என்றால் சைட் பாதி வந்ததும் விரலால் மூடிக்கொள்ளுங்கள். புது சைட்டை ஏற்றும்போது மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே தள்ளுங்கள். சிக் சாவரிலும் முன் சைட் காடியில்தான். அங்கே சைட்டின் உயரத்தை எண்களால் குறிக்கிறார்கள், முன்னுக்கும் பின்னுக்கும் சேர்ந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பெரெட்டா 92எஃப்எஸ் வைத்திருப்பவர் முன் சைட்டுக்குக் கருவி தேடவே வேண்டாம். அது ஸ்லைடோடு சேர்ந்தே செதுக்கப்பட்டது, பெயர்த்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

வைஸும் தட்டுளியும்

மிக மலிவான வழி இது. மட்டமான வழி அல்ல. துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் செய்துவருகிறார்கள். இதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சுத்தியலில் அல்ல, பிடியில். மேசை மேல் மடித்த துணியில் ஸ்லைடை வைத்துத் தட்டினால், அடியின் பாதி துணிக்குள் போய்விடும். சைட் அசையாது, தட்டுவதோ நிற்காது, கடைசியில் சைட்டின் விளிம்பு நசுங்கும். மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய வைஸில் (இரண்டு தாடைக்கு நடுவே பொருளை இறுக்கும் கருவி), நைலான் தாடையோ கடினமரத் துண்டோ வைத்து ஸ்லைடைப் பிடித்தால் அதே சைட் நாலு அடியில் நகரும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். ஸ்லைடின் கீழ்விளிம்பு திறந்த பெட்டி மாதிரி. அங்கே பிடித்து வைஸை இறுக்கினால் தடங்கள் உள்நோக்கி வளையும், சட்டகத்தில் ஸ்லைடு ஓடுவதே கெட்டுப்போகும். பின் சைட்டுக்குக் கீழே, குழலின் பின்பக்கம் முட்டும் திண்மையான பகுதி இருக்கிறதே, அதைத் தாடையின் மேல்பகுதியால் பிடியுங்கள். முன் சைட் இருக்கும் இடத்தில் ஸ்லைடு மெல்லிய குகை. அங்கே வைஸை மெதுவாகத்தான் இறுக்க வேண்டும்.

சைட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவே வைக்கும் தட்டுளி எதில்? எஃகில் வேண்டவே வேண்டாம். பித்தளை நன்றாக அடி கடத்தும், ஆனால் கருப்புப் பூச்சில் மஞ்சள் கோடு விட்டுப்போகும். அது கீறல் இல்லை, படிவுதான். குழலின் செப்புப் படிவை நீக்கும் கரைசலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். நைலான் கோடு விடாது, ஆனால் நாலைந்து பலமான அடிக்குப் பிறகு அதன் முனை காளான் மாதிரி விரியும். பிளாஸ்டிக் சைட்டைக் கழற்றவும், ஏற்கெனவே அளவுக்கு அராவிய சைட்டை ஏற்றவும் நைலான். எஃகைப் பெயர்க்கப் பித்தளை. முனை தட்டையாகவும், சைட்டின் பக்கவாட்டு முகத்தைவிடச் சற்றுச் சிறிதாகவும் இருக்க வேண்டும். வைக்கும் இடம் சைட்டின் அடிமட்டம், காடிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். மேலே தட்டினால் சைட் சாயும், சாய்ந்த சைட் காடிக்குள் இன்னும் இறுகும்.

சுத்தியலைப் பொறுத்தவரை கனமான சுத்தியலால் சில அடி, லேசான சுத்தியலால் நாற்பது அடியைவிட நல்லது. 400 முதல் 500 கிராம் வரை உள்ளது போதும். 150 கிராம் சுத்தியல் சைட்டை நகர்த்தாது, நசுக்கும்.

இந்த வழி எங்கே கைவிடும் என்றால் டிரிட்டியம் உள்ள இரவு சைட்டில். அதன் மினுங்கும் புள்ளி ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய். உள்ளே கதிரியக்க வாயு. சுத்தியல் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும்படி அதை உறைபோட்டுத்தான் செய்கிறார்கள், என்றாலும் தட்டுளி நழுவி நேராகப் பட்டால் குழாய் விரிசல்விடும். டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டு, பழைய சைட் மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் வயதுதான். புதிய டிரிட்டியம் சைட்டை ஏற்றப்போகிறீர்கள் என்றால் சுத்தியலை மேசையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஒரே வரிசைக்கென்று செய்த தள்ளுகருவி

இது ஒரு உலோகச் சட்டம். ஸ்லைடு அதற்குள் அளவாக நுழையும். பக்கவாட்டில் ஒரு திருகு, அதன் முனையில் ஒரு தள்ளுகட்டை. கைப்பிடியைத் திருகினால் கட்டை சைட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அமைப்பு எளிது. நன்மை என்னவென்றால் சட்டத்தின் உள் அளவு அந்தப் பிஸ்டலின் ஸ்லைடுக்கென்றே செய்யப்பட்டதால் ஆட்டம் இருக்காது, நாமாகச் சரிசெய்ய வேண்டியதும் அதிகம் இராது.

ஆனால் 'கிளாக்குக்கு' என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. கிளாக் 17, 19, 26 மூன்றும் ஒரே ஸ்லைடு அகலம். 20, 21 அகலம் அதிகம். 42, 43 ஒல்லி. 17-க்கென்று செய்த சட்டத்தில் 43-ஐ வைத்தால் ஆடும். 21 நுழையவே நுழையாது. எந்த எண்களுக்கு என்று பெட்டியில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு சட்டத்தின் மேல்வாய் உயரத்தையும் பாருங்கள். ரெட் டாட்டுக்கு (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) மேலே தெரியும்படி செய்த உயரமான சைட்டுகள் பல மலிவான சட்டங்களில் இடிக்கும்.

இந்த வகையில் பெரும்பாலானவை பின் சைட்டுக்கு மட்டும். கிளாக் வைத்திருப்பவருக்கு அது குறையே அல்ல, ஏனென்றால் முன் சைட்டுக்குத் தேவை ஒரு நட் டிரைவர்தான். 3/16 அங்குல அறுகோணம், அதுவும் சுவர் மெலிந்தது. சாதாரண சாக்கெட்டின் சுவர் தடித்திருக்கும், ஸ்லைடின் உள்ளே அந்தக் குறுகிய இடத்தில் நுழையாது. இதற்கென்றே விற்கும் சின்ன டிரைவர் தள்ளுகருவியோடு ஒப்பிட்டால் மிக மலிவு.

அந்த முன் திருகில் இரண்டு விஷயம் கெடும். ஒன்று, மரை. திருகு மிகச் சிறியது, சாவியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் இறுக்கினால் போதும். உள்ளங்கையால் பிடித்து முறுக்கினால் தலை கழன்று கையோடு வரும். இன்னொன்று, நீளம். புது சைட்டோடு வந்த திருகுக்குப் பதில் பழையதைப் போட்டால் தலை குகைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கலாம், குழல் அதில் உரசும். இறுக்கியதும் குழலை மட்டும் ஸ்லைடில் வைத்து முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். திருகைப் போடுமுன் மரையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நீல லாக்டைட் 243 ஒரு சொட்டு. சொட்டு என்றால் குண்டூசித் தலை அளவு. முழுப் பிடிக்கு 24 மணி நேரம் விடுங்கள். முன் சைட் பிளாஸ்டிக்காக இருந்தால் லாக்டைட் வழிந்து அதன் மேல் படக் கூடாது, சில பிளாஸ்டிக்குகள் அதனால் விரிசல் விடும்.

எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும் மலிவுக் கருவி

ஏமாற்றம் அதிகம் இதில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இதன் சட்டத்தில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சரிசெய்யும் திருகுகள் இருக்கும். எந்த அகலத்து ஸ்லைடையும் பிடிக்கும் என்பது வாக்கு. பிடிப்பது உண்மைதான். பிடித்ததை அசையாமல் வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. சட்டம் அலுமினியம், தள்ளு திருகு எஃகு. எம்10 திருகு (10 மி.மீ. விட்டம்) ஒன்றில் 10 செ.மீ. கைப்பிடியை ஒருவர் 10 கிலோ விசையில் தள்ளினால் திருகின் முனையில் கிடைப்பது ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். அவ்வளவு விசையும் சைட்டுக்குப் போக வேண்டும் என்றால் சட்டம் துளியும் வளையக் கூடாது. மெல்லிய அலுமினியம் வளையும். வளைந்தால் தள்ளுகட்டை ஒரு பக்கம் தூக்கும். தூக்கிய கட்டை சைட்டின் அடியை விட்டு நடுவில் ஏறும், பிறகு மேல்விளிம்பில் ஏறும். அந்த நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சைட் நகர்ந்தது என்று மகிழ்ச்சியோடு பார்த்தால் சைட் அதே இடத்தில், அதன் முகத்தில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கீறல்.

இதைத் தவிர்க்க முடியும், ஓரளவுக்கு. தள்ளுகட்டையை இறக்கி ஸ்லைடின் மேல்பரப்பைத் தொடாமல், ஆனால் மிக நெருங்கி நிறுத்துங்கள். இடைவெளியை அளக்க ஒரு தாள் போதும்: சாதாரண எழுதும் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாள் உரசிக்கொண்டு நகர வேண்டும், இரண்டு தாள் நுழையக் கூடாது. ஸ்லைடைப் பிடிக்கும் திருகுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கார் சக்கரத்து நட்டுகளைப் போல, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்லைடின் மேலும் பக்கமும் மறைப்பு நாடா இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். தள்ளு திருகின் மரையில் தடித்த கிரீஸ் வையுங்கள். எண்ணெயே இல்லாமல் வரும் திருகு அலுமினிய மரையை இரண்டே முயற்சியில் சிதைத்துவிடும்.

சைட்டின் பக்கம் நேரா, சாய்வா என்பதையும் பாருங்கள். பல சைட்டுகளின் பக்கவாட்டு முகம் மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருக்கும். தட்டையான கட்டை அதில் ஒரு கோட்டில்தான் தொடும், வழுக்கி ஏறும். சாய்வுக்கேற்ற முகம் உள்ள கட்டையும் சேர்ந்து வருகிறதா, கட்டையைத் திருப்பிப் போட முடிகிறதா என்பது, கைப்பிடி எவ்வளவு பெரிது என்பதைவிட முக்கியமான கேள்வி. வீலர் நிறுவனம் விற்கும் நடுத்தர விலைக் கருவி போன்றவற்றில் சாய்ந்த கட்டையும் தருகிறார்கள்.

மலிவுக் கருவிக்கும் ஒரு இடம் உண்டு. ஏற்கெனவே அளவுக்கு அராவப்பட்ட சைட்டை ஏற்ற, ஏற்றிய சைட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்த, பிளாஸ்டிக் சைட்டைப் பெயர்க்க. ஆலை அழுத்திய எம்&பி அல்லது சிக் சைட்டைப் பெயர்க்க அல்ல.

விலை கூடிய தள்ளுகருவி

எம்ஜிடபிள்யூ நிறுவனத்தின் சைட் ப்ரோ போன்றவை இந்த வகை. அடிச்சட்டம் ஒன்று, ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனியான பிடி. பிடி அந்த ஸ்லைடின் வடிவத்துக்கே வெட்டப்பட்டிருப்பதால் ஸ்லைடு ஒரு பக்கமும் ஆடாது. சட்டமும் தடித்தது. தள்ளும்போது கையில் தெரிவது ஒரே சீரான கனம், திடீர் விடுதலை இல்லை. முன் சைட்டையும் தள்ளக்கூடிய பிடிகள் கிடைக்கின்றன. நாலைந்து பிஸ்டல் வைத்திருப்பவர், நண்பர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் வேலை செய்துகொடுப்பவர், சுடும் கழகம் நடத்துபவர், இவர்களுக்கு இது வீண்செலவு அல்ல. ஒரே பிஸ்டலை ஒருமுறை மாற்றப்போகிறவருக்கு? கருவியின் விலையில் சைட்டையே இரண்டு முறை வாங்கிவிடலாம். அவர் வாங்கக் கூடாது.

பட்டறையில் கொடுப்பது

இதையும் ஒரு தேர்வாகவே கணக்கில் எடுங்கள். பலருக்கு இதுதான் மிக மலிவான வழி. கருவி வாங்கும் செலவு, வைக்கும் இடம், கீறல் விழும் ஆபத்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பட்டறைக்காரர் பெரும்பாலும் சைட் வாங்கும் இடத்திலேயே ஏற்றித் தருவார். குறை ஒன்றுதான்: பக்கவாட்டில் சரிசெய்ய மறுபடி போக வேண்டும். சுடுமிடத்திலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து சுடுமிடத்துக்கும் மூன்று முறை அலைந்தால் தள்ளுகருவி வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அந்த அலைச்சலையும் குறைக்கலாம். முதலில் பழைய சைட்டோடு சுட்டு, எங்கே விழுகிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

எவ்வளவு நகர்த்துவது

கருவியைத் தேர்வதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. சுத்தியலால் அரை மில்லிமீட்டர் நகர்த்துவது கலை. தள்ளுகருவியால் நகர்த்துவது கணக்கு.

தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். முன் சைட்டானால் எதிர்ப்பக்கம். எவ்வளவு என்பதற்கு: இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள நீளத்தைப் பிழையால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். கிளாக் 17-இல் சைட் இடைநீளம் 165 மி.மீ. 15 மீட்டரில் சுட்ட தோட்டாக்களின் குழு 50 மி.மீ. இடதாக விழுகிறது என்றால், 165 × 50 ÷ 15,000 = 0.55 மி.மீ. பின் சைட் வலப்பக்கம் அவ்வளவுதான் நகர வேண்டும். தள்ளுகருவியின் திருகு எம்10, மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால், கட்டை சைட்டைத் தொட்ட பிறகு மூன்றில் ஒரு சுற்றுக்குச் சற்று அதிகம். கைப்பிடியில் ஒரு பேனாக் கோடும் சட்டத்தில் ஒரு கோடும் போட்டுக்கொண்டால் சுற்றைக் கண்ணால் எண்ணலாம். முதல் கால் சுற்றில் சைட் நகராது. அது சட்டமும் திருகும் இறுகும் இழுவை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையான அளவை வெர்னியரின் ஆழக்கோலால் ஸ்லைடின் பக்கத்திலிருந்து சைட்டின் பக்கம் வரை இருபுறமும் அளந்து சரிபாருங்கள்.

உயரம் இப்படி மாறாது, அதற்கு வேறு சைட்தான் வாங்க வேண்டும். கிளாக்கின் பின் சைட்டுகள் 6.1, 6.5, 6.9, 7.3 மி.மீ. உயரங்களில் வருகின்றன; பொதுவாக வருவது 6.5. பின் சைட்டை 6.9-க்கு மாற்றினால் 25 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 6 செ.மீ. மேலே விழும். பக்கவாட்டுப் பிழை என்று நினைப்பதில் பாதி, துப்பாக்கியின் விசையை (டிரிக்கரை) இழுக்கும் விரலில் இருக்கும். அதனால் மேசையில் சாய்த்து வைத்து ஐந்தைந்தாக மூன்று குழு சுட்டுப் பார்க்காமல் சைட்டைத் தொடாதீர்கள்.

தள்ளும்போது

பழைய சைட்டும் ஸ்லைடும் சேரும் இடத்தில் மறைப்பு நாடா ஒட்டி, பிளேடால் கோடு போட்டு, நடு எங்கே இருந்தது என்று அடையாளம் வையுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக வெளியே, வலமிருந்து இடமாக உள்ளே என்பது பொதுவாகப் பின்பற்றும் பழக்கம். சில காடிகள் ஒரு பக்கம் மயிரிழை குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். உங்கள் பிஸ்டலின் கையேடு வேறு திசை சொன்னால் அதுதான் சட்டம். சைட் அசையவே இல்லை என்றால் இன்னும் பலமாகத் தள்ளுவது மூன்றாவது யோசனையாக இருக்கட்டும். முதல் யோசனை: இறுக்கு திருகு தளர்த்தியாகிவிட்டதா? இரண்டாவது: திசை சரியா? அதற்குப் பிறகு ஊடுருவும் எண்ணெயைக் காடியின் இரு வாயிலும் விட்டு ஓர் இரவு விடுங்கள். திருகில் லாக்டைட் இருந்தால் சாலிடர் இரும்பின் முனையைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். தீச்சுடர் வேண்டாம், ஸ்லைடின் பூச்சும் டிரிட்டியமும் ஒன்றாகப் போய்விடும்.

புது சைட் காடிக்குள் கையால் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் பாதி வரை நுழைய வேண்டும். அதற்கு முன்பே நின்றால் அராவ வேண்டும். அராவுவது சைட்டை, ஸ்லைடை ஒருபோதும் அல்ல. கெட்டால் சைட்டை மாற்றலாம். கண்ணாடித் தட்டின் மேல் 320 நம்பர் எமரித் தாளை வைத்து, சைட்டின் அடியை ஒரே திசையில் நாலு முறை இழுத்து, துடைத்து, மறுபடி நுழைத்துப் பாருங்கள். காடியின் சாய்வோடு உரசும் பகுதியைத்தான் குறைக்க வேண்டும் என்றால், ஒரு முகம் வழுவழுப்பாக உள்ள முக்கோண அரம் வேண்டும். அந்த முகம் அடிப்பக்கம் இருக்க, சாய்வை மட்டும் அராவும். எங்கே உரசுகிறது என்று தெரிய, சைட்டின் அடியில் மார்க்கர் மை பூசி நுழைத்து எடுங்கள். மை அழிந்த இடம்தான் உயரமான இடம். அராவிய தூளைப் பிசிறு இல்லாமல் துடைத்துவிட்டே ஏற்றுங்கள். அந்தத் தூள் ஸ்டிரைக்கர் வழியில் விழுந்தால் அடுத்த பிரச்சினை அங்கே தொடங்கும்.

அளவு கடந்து அராவிவிட்டால் சைட் கையாலேயே ஓடும். அதை லாக்டைட் ஊற்றி ஒட்டிவைப்பவர்கள் உண்டு. இறுக்கு திருகு உள்ள சைட்டானால் ஓரளவு நிற்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுடுதலின் உதைப்புக்கும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வேறு சைட் வாங்குங்கள்.

யார் எதை எடுப்பது

கிளாக், ஆலை பிளாஸ்டிக் சைட், ஒரே ஒரு மாற்றம் என்றால் மெல்லிய சுவர் நட் டிரைவர், நைலான் தட்டுளி, கடன் வாங்கியாவது ஒரு நல்ல வைஸ். புது சைட்டில் டிரிட்டியம் இருந்தால் தட்டுளிக்குப் பதில் கிளாக்குக்கென்றே செய்த சட்டம். வாங்கும் கருவிகளில் பணத்துக்கு ஏற்ற வேலை தருவது இதுதான். எம்&பியோ சிக்கோ ஒன்று மட்டும் இருந்தால் கழற்றுவதைப் பட்டறையில் கொடுங்கள், கூடவே புதியதையும் ஏற்றச் சொல்லுங்கள். மலிவான பொதுக் கருவியை அந்த வேலைக்கென்று வாங்குபவர் பிறகு பட்டறைக்கும் போவார், இரண்டு செலவு. மூன்றுக்கு மேல் பிஸ்டல் இருந்து, அடிக்கடி பக்கவாட்டில் சரிசெய்பவரானால் நடுத்தர விலையில், தடித்த சட்டமும் சாய்ந்த கட்டையும் உள்ள பொதுக் கருவி. மிக மலிவானதையும் மிக விலையானதையும் விட்டுவிடலாம்.

பழையதாகக் கைமாறும் தள்ளுகருவி கிடைத்தால், வாங்குமுன் தள்ளு திருகை முழுசாக வெளியே கழற்றிப் பாருங்கள். மரையில் மின்னும் வெள்ளித் துகள் இருந்தால் அலுமினிய மரை தேயத் தொடங்கிவிட்டது. தள்ளுகட்டையின் முகத்தை ஒரு நேர்விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்திருக்கிறது, அது சைட்டின் விளிம்பைத்தான் கடிக்கும்.

எந்தக் கருவியால் ஏற்றினாலும், சைட்டுக்கும் ஸ்லைடுக்கும் குறுக்கே மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று போட்டு, முதல் 50 சுற்றுக்குப் பிறகும் 200 சுற்றுக்குப் பிறகும் அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.